உளவியல் இளநிலைப் பட்டத்தைத் திட்டமிடுவது எப்படி? பாட வரிசை முதல் இறுதி ப்ராஜெக்ட் வரை முழுமையான வழிகாட்டி

உளவியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் பாடத்தின் கடினம் காரணமல்ல, எடுக்கும் வரிசைதான் காரணம். குற்றவியல் உளவியல், ஆளுமைக் கோளாறுகள், உறக்கமும் கனவும் என்று மனதை ஈர்ப்பதையெல்லாம் முதலில் எடுத்துவிடுகிறார்கள். புள்ளியியலை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். மேல்நிலைப் பாடங்களில் பலவற்றுக்குப் புள்ளியியல் முன்தேவை என்பது, பதிவு செய்யப் போகும்போதுதான் தெரியவருகிறது. அப்போது கைவசம் இருக்கும் செமஸ்டர்கள் போதாது.

ஆகவே இங்கே சொல்லியிருப்பது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை. பாடப் பெயர்களும் கிரெடிட் எண்ணிக்கையும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாறும். எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பது அநேகமாக எங்கும் ஒன்றுதான்.

1. சேரும் முன்பே பார்க்க வேண்டியது: அங்கீகாரம்

இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால் எவரும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. சிகிச்சை தர, நோயறிய, உளவியல் சோதனைகளைத் தனியாக நடத்த மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் பதிவும் வேண்டும். ஐரோப்பாவில் யூரோசை (EuroPsy) என்ற உளவியலாளர் சான்றிதழுக்கு ஐந்தாண்டுப் படிப்பும் அதன்மேல் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியும் தேவை. அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக முனைவர் பட்டம் கேட்கப்படுகிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சில நாடுகளில் இளநிலைப் பட்டத்துக்கே தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். பிரிட்டனில் பிரிட்டிஷ் உளவியல் சங்கமும் ஆஸ்திரேலியாவில் உளவியல் அங்கீகாரக் கவுன்சிலும் படிப்புகளை அங்கீகரிக்கின்றன. அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்துவிட்டால், பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். கல்லூரியின் விளம்பரத்தை நம்ப வேண்டாம். எந்த நாட்டில் வேலை செய்யப்போகிறீர்களோ அந்நாட்டு அமைப்பின் பட்டியலில் உங்கள் படிப்பின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பதும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருப்பதும் வெவ்வேறு.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டிய நான்கு ஆவணங்கள்

முதலாவது, நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடு. பட்ட விதிகள் ஆண்டுதோறும் மாறலாம். உங்களுக்குப் பொருந்துவது பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிகள்தான். சீனியரிடம் கேட்டுத் திட்டம் போட்டு, அது பழைய விதி என்று மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய. கோப்பை இறக்கிச் சேமித்து வையுங்கள். இணையதளத்தில் பழைய பதிப்பு எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ஒவ்வொரு பாடத்துக்குமான முன்தேவைப் பட்டியல். மூன்றாவது, கடந்த இரண்டு ஆண்டுகளின் டைம்டேபிள். கையேட்டில் இருக்கும் பாடமெல்லாம் எல்லா செமஸ்டரிலும் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடப்பது எது, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது எது என்பதைப் பழைய டைம்டேபிள்தான் காட்டும்.

நான்காவது, நீங்கள் போக நினைக்கும் மேற்படிப்புகள் இரண்டு மூன்றின் சேர்க்கை விதிகள். இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். "புள்ளியியல், ஆய்வு முறைகள், உயிரியல் உளவியல் கட்டாயம்" என்பது போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும்.

3. கிரெடிட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க முறையில் நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். அதில் உளவியல் பாடங்கள் ஏறத்தாழ 30 முதல் 45 வரை. மீதி பொதுக் கல்வியும் விருப்பப் பாடங்களும். ஐரோப்பிய முறையில் மூன்றாண்டுக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அங்கே பெரும்பகுதி உளவியல்தான். அதனால் வரிசையை அவர்களே பெரும்பாலும் வகுத்துத் தந்துவிடுவார்கள், தேர்வுக்கு இடம் குறைவு. தேர்வு அதிகமாக உள்ள முறையில்தான் தவறும் அதிகம்.

மொத்த எண்ணிக்கையை எட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. அதற்குள் சிறு விதிகள் ஒளிந்திருக்கும். இத்தனை கிரெடிட் மேல்நிலைப் பாடங்களாக இருக்க வேண்டும், இத்தனை இதே துறையில் படித்திருக்க வேண்டும், முதன்மைப் பாடங்களில் குறைந்தது இந்த கிரேடு வாங்கியிருக்க வேண்டும் என்பன அவை. வெறும் பாஸ் மதிப்பெண் பட்டத்துக்குக் கணக்கில் வரும், முதன்மைப் பாடத்துக்கு வராது என்ற நிலை பல இடங்களில் உண்டு. ஒரே பாடத்தை முதன்மைக்கும் துணைப்பாடத்துக்கும் இரட்டையாகக் கணக்கிட விடுவார்களா என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

4. சங்கிலியை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வு முறைகள், மேல்நிலை ஆய்வுக்கூடப் பாடம், இறுதி ப்ராஜெக்ட். இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். பட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தச் சங்கிலிதான். மற்ற எதையும் முன்னே பின்னே நகர்த்தலாம்.

எட்டு செமஸ்டர் பட்டம் என்று வைத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட்டுக்கு ஏழும் எட்டும். ஆய்வுக்கூடப் பாடம் ஐந்தில் அல்லது ஆறில். ஆய்வு முறைகள் மூன்றில் அல்லது நான்கில். புள்ளியியல் இரண்டில். அறிமுகம் முதலில். இப்படிப் போட்டால் இடையில் ஒன்றிரண்டு செமஸ்டர் இடைவெளி கிடைக்கும். ஒரு பாடத்தில் தோற்றாலும், இடம் நிரம்பிப் பதிவு கிடைக்காமல் போனாலும் தாங்கும்.

புள்ளியியலை நான்காம் செமஸ்டருக்குத் தள்ளினால் என்ன ஆகிறது பாருங்கள். ஆய்வு முறைகள் ஐந்து, ஆய்வுக்கூடம் ஆறு, ப்ராஜெக்ட் ஏழு, எட்டு. காகிதத்தில் சரியாக வருகிறது, ஆனால் ஒரு செமஸ்டர்கூட மிச்சமில்லை. ஆய்வு முறைகள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் துறையாக இருந்தால், ஒரு தடவை தவறவிட்டாலே பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். ஆறு செமஸ்டர் பட்டத்தில் இந்த இடைவெளியே கிடையாது. அங்கே முதல் ஆண்டிலேயே புள்ளியியலை முடிப்பது கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. அறிமுகப் பாடம்: மதிப்பெண்ணைத் தாண்டி இரண்டு வேலைகள்

நினைவு, கற்றல், மூளை, வளர்ச்சி, சமூக நடத்தை, கோளாறுகள் என்று எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தொட்டுச் செல்வார்கள். வேகம் அதிகம், கலைச்சொற்கள் அதிகம். கோடு போட்டு மறுபடி மறுபடி வாசிப்பவர்கள் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தேர்வில் திணறுவார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும், சில நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதிப் பார்ப்பதும் அதைவிடப் பலன் தரும். இதையே அந்தப் பாடத்தின் நினைவுப் பகுதியிலும் படிப்பீர்கள்.

முதல் வேலை, எந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது கேள்விகள் தானாக எழுந்தன என்று குறித்து வைப்பது. இறுதி ப்ராஜெக்ட்டின் விதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டாவது, உயிரியல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பது. நரம்பணு எப்படிச் செய்தி கடத்துகிறது என்பதை இங்கே விட்டவர்கள், உயிரியல் உளவியலில் முதல் மூன்று வாரத்திலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

6. புள்ளியியல்: அதிக கவனம் இங்கே

வேண்டிய கணக்கு பள்ளி அளவுதான். பின்னம், விழுக்காடு, வர்க்கமூலம், எளிய சமன்பாடு, வரைபடம் வாசிப்பது இவ்வளவே. நுண்கணிதம் தேவையில்லை. பள்ளிக் கணக்கு மறந்திருந்தால், செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒதுக்கி இவற்றை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பயத்தால் தள்ளிப்போடத் தள்ளிப்போட மறதிதான் கூடும்.

எந்தத் துறையின் புள்ளியியலை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். வணிகவியல் துறையோ கணிதத் துறையோ நடத்தும் பாடம் எளிதாகத் தோன்றலாம், ஆனால் அது உளவியலுக்கு ஏற்கப்படுமா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். உளவியல் துறையின் பாடத்தில் டி சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவது), தொடர்புப் போக்கு (ஒன்றைக்கொண்டு இன்னொன்றை முன்கணிப்பது), கை வர்க்கச் சோதனை ஆகியவை இருக்கும். அடுத்த பாடங்கள் இவை தெரியும் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கும்.

மென்பொருளையும் பாருங்கள். எஸ்பிஎஸ்எஸ் பல துறைகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் கட்டணம் உண்டு. ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், பொத்தான் அழுத்தியே வேலை முடியும். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்கள் ஆர் மொழியை இப்போதே தொடங்குவது நல்லது. செய்த ஒவ்வொரு படியும் கோப்பில் எழுத்தாக நிற்பதால், ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே முடிவை மறுபடி எடுக்கலாம்.

தேர்வில் பாஸ் ஆனவர்களும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது பி மதிப்பைத்தான். இரு குழுக்களுக்கு இடையே ஒரு வித்தியாசம் கிடைத்து, பி மதிப்பு 0.03 என்று வந்தால், "கருதுகோள் 97 விழுக்காடு உண்மை" என்று எழுதுகிறார்கள். அது சொல்வது வேறு. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 3. அவ்வளவுதான். வித்தியாசம் பெரியதா சிறியதா என்பதையும் அது சொல்லாது. அதற்கு விளைவு அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால், பாடத்தின் மையம் கைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று: இந்தப் பாடத்தில் சுமாரான கிரேடு வாங்கினால் சங்கிலி முழுவதும் ஆட்டம் காணும். அதே செமஸ்டரில் உயிரியல் உளவியல் போன்ற இன்னொரு கனமான பாடத்தைச் சேர்க்காதீர்கள்.

7. ஆய்வு முறைகள்: புள்ளியியல் சூடு ஆறும் முன்

புள்ளியியலுக்கு அடுத்த செமஸ்டரிலேயே இதை எடுங்கள். ஓராண்டு இடைவெளி விட்டால், எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்பது மறந்துபோய் முதல் மாதம் பழையதைப் படிப்பதிலேயே போகும்.

இங்கே கற்பது நான்கு: கேள்வியை அளக்கக்கூடிய வடிவுக்குக் கொண்டுவருவது, ஆய்வு வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது, பங்கேற்பாளர் உரிமை, அறிக்கை எழுதுவது. முதலாவதில்தான் பலர் சிக்குகிறார்கள். "மன அழுத்தம் படிப்பைப் பாதிக்கிறதா?" என்பது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. எந்த அளவுகோலில் வரும் மதிப்பெண் மன அழுத்தம்? படிப்பு என்றால் தேர்வு மதிப்பெண்ணா, வாசித்த மணி நேரமா? யாரிடம், எப்போது அளப்பது? இவற்றுக்குப் பதில் எழுதிய பிறகுதான் அது கேள்வியாகும்.

ஒட்டுறவைக் காரணமாக எழுதுவது அடுத்த தவறு. குறைவாகத் தூங்குபவர்களின் மதிப்பெண் குறைவு என்று கண்டுபிடித்தால், தூக்கக் குறைவுதான் மதிப்பெண்ணைக் குறைத்தது என்று சொல்ல முடியாது. பாடம் புரியாத கவலையால் தூக்கம் கெட்டிருக்கலாம். இரவு வேலைக்குப் போவது இரண்டையும் கெடுத்திருக்கலாம். பங்கேற்பாளர்களை நீங்களே சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரித்திருந்தால்தான் காரணம் பற்றிப் பேச உறுதியான பிடி கிடைக்கும்.

இந்தப் பாடத்தை வெறும் சடங்காக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து, 2015ல் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு கொண்டவை. மறு ஆய்வுகளில் அப்படி வந்தது 36 விழுக்காடு. எந்த ஆய்வை நம்பலாம் என்று பிரித்தறியும் திறன் இல்லாமல் மற்ற உளவியல் பாடங்களைப் படிப்பது ஆபத்து. அதைக் கற்றுத் தருவது இந்த ஒரு பாடம்தான்.

அறிக்கை எழுத அமெரிக்க உளவியல் கழகத்தின் நடை பரவலாகக் கேட்கப்படுகிறது. 2019ல் வெளிவந்த ஏழாம் பதிப்பைப் பின்பற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகள் ஆறாம் பதிப்புக்கானவை. மேற்கோள் விதிகள் சில மாறியிருப்பதால் தேவையில்லாமல் மதிப்பெண் போகும்.

8. மையப் பிரிவுகள்: ஒவ்வொரு கூடையிலிருந்தும்

பெரும்பாலான துறைகள் பாடங்களைக் கூடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் இத்தனை எடுக்க வேண்டும் என்று கேட்கும். பிரிட்டிஷ் உளவியல் சங்கம் கேட்கும் மையப் பகுதிகள் நல்ல அளவுகோல்: உயிரியல் உளவியல், அறிவாற்றல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், தனிமனித வேறுபாடுகள், உளவியலின் வரலாறும் கருத்தியலும், ஆய்வு முறைகள். உங்கள் துறை கேட்காவிட்டாலும் இந்த ஏழையும் தொட்டுவிட்டால் பெரும்பாலான மேற்படிப்புகளுக்குக் கதவு அடைபடாது.

வரிசை பற்றிச் சில குறிப்புகள். சமூக உளவியலும் வளர்ச்சி உளவியலும் அறிமுகத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எனவே புள்ளியியல் எடுக்கும் செமஸ்டருக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவாற்றல் உளவியல் சோதனை முடிவுகளின் மேல் நிற்பது; ஆய்வு முறைகளோடு சேர்த்தோ அதற்குப் பிறகோ எடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். மருந்தும் நடத்தையும், நரம்பு உளவியல் ஆகியவற்றுக்கு முன் உயிரியல் உளவியல் வேண்டும். உளவியல் அளவீடு முழுக்கப் புள்ளியியல் சார்ந்தது.

மனநலக் கோளாறுகளைப் பற்றிய பிறழ்நிலை உளவியலில்தான் கூட்டம் அலைமோதும். முதல் ஆண்டிலேயே எடுக்க ஆசைப்படுவார்கள். விதி அனுமதித்தாலும் பொறுத்திருப்பது நல்லது. சிகிச்சை முறைகளின் பலன் பற்றிய ஆய்வுகளை எடைபோடத் தெரியாமல் படித்தால், கோளாறுகளின் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடும். பாடநூல் புதியதா என்றும் பாருங்கள். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பின் உரைத் திருத்தம் 2022ல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி 11 அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

படிக்கும்போது ஒவ்வொரு கோளாறும் தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ இருப்பதாகத் தோன்றுவது சகஜம். யாருக்கும் பெயர் சூட்டாதீர்கள். கவலை உண்மையாகவே நீடித்தால் தகுதியுள்ளவரிடம் போங்கள், பாடநூலிடம் அல்ல.

9. விருப்பப் பாடங்கள்: போகும் இடத்தைப் பார்த்து

மருத்துவ உளவியலுக்குப் போகிறவர்கள் பிறழ்நிலை உளவியல், உளவியல் அளவீடு, ஆளுமை, உயிரியல் உளவியல் நான்கையும் சேருங்கள். சேர்க்கையில் பெரிதும் எடைபோடப்படுவது ஆய்வு அனுபவமும் பரிந்துரைக் கடிதமும்தான். கோளாறு பற்றிய பாடங்களாக அடுக்கிவிட்டு ஆய்வுக்கூடத்தில் கால்வைக்காதவர்கள் பின்னடைவு காண்கிறார்கள். கவுன்சலிங் பக்கம் போகிறவர்கள் வளர்ச்சி உளவியலில் முதுமை வரை செல்லும் பாடத்தைத் தேடுங்கள். குழந்தைப் பருவத்தோடு நிற்கும் பாடம் போதாது.

நிறுவன உளவியல், மனிதவளம் என்றால் சமூக உளவியல், அளவீடு, தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு. ஆட்தேர்வுச் சோதனை ஒன்று வேலைத்திறனை முன்கணிக்கிறதா என்பதுதான் அந்தத் துறையின் அன்றாடக் கேள்வி, அது முழுக்கப் புள்ளியியல். செயலிகள், கருவிகளின் பயனர் ஆய்வு என்றால் புலனுணர்வு, அறிவாற்றல், நேர்காணல் முறை. பட்டம் முடித்ததும் வேலைக்குப் போகிறவர்கள் தரவுப் பகுப்பாய்வில் ஒரு பாடமாவது கூடுதலாக எடுங்கள். பாடங்களின் பெயரைவிட "இந்தத் தரவை நான் சுத்தம் செய்து பகுத்து அறிக்கை எழுதினேன்" என்று காட்டுவதற்கு மதிப்பு அதிகம்.

துறைக்கு வெளியே உயிரியல், கணினி நிரலாக்கம், மொழியியல், சமூகவியல் ஆகியவை நன்கு ஒத்துப்போகும். கலைப் பட்டமா அறிவியல் பட்டமா என்ற கேள்விக்கு அதிகம் மண்டையைக் குழப்ப வேண்டாம். அறிவியல் பட்டத்தில் கணிதமும் அறிவியலும் கூடும், கலைப் பட்டத்தில் மொழிக்கும் துணைப்பாடத்துக்கும் இடம் கூடும். மேற்படிப்புகள் பட்டத்தின் பெயரைவிடப் பாடப் பட்டியலையே பார்க்கின்றன.

10. ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்பது

ஆய்வு முறைகளை முடித்ததும் கேளுங்கள். அதற்கு முன் சேர்த்துக்கொள்வார்கள் என்றால் இன்னும் நல்லது. பேராசிரியருக்கு அனுப்பும் மடலில் ஐந்தாறு வரி போதும்: எந்த ஆண்டு, முடித்த பாடங்கள், தெரிந்த மென்பொருள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், அவருடைய எந்த ஆய்வுக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எது பற்றி வேலை செய்ய விருப்பம். "உளவியலில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று மட்டும் எழுதி பத்துப் பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் பதில் வருவது அரிது.

முதலில் தருவது தரவு உள்ளிடுவது, பதிவுகளை எழுத்தாக்குவது போன்ற வேலைகள். சலிப்பாக இருந்தாலும் ஒரு செமஸ்டரில் விட்டுவிடாதீர்கள். உங்கள் வேலையைப் பல மாதம் பார்த்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும், வகுப்பில் மட்டும் பார்த்தவர் எழுதுவதும் ஒன்றாக இருக்காது.

மருத்துவமனை, பள்ளி, உதவி மையம் ஆகியவற்றில் களப்பயிற்சி கிடைத்தால் எல்லையை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இளநிலை மாணவர் நோயறிவதோ ஆலோசனை தருவதோ கூடாது. அங்கே கேட்ட எதையும், பெயரை மாற்றிக்கூட, வெளியில் பேசவோ சமூக ஊடகத்தில் எழுதவோ கூடாது.

11. இறுதி ப்ராஜெக்ட்: செமஸ்டர் தொடங்கும் முன்பே தொடங்குங்கள்

வழிகாட்டியை முந்தைய செமஸ்டரிலேயே உறுதி செய்யுங்கள். ஒருவர் எடுத்துக்கொள்ளும் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அவருடைய ஆய்வுக்குப் பக்கத்தில் உள்ள தலைப்பாக இருந்தால் கருவி, அளவுகோல், ஆலோசனை எல்லாம் எளிதில் கிடைக்கும்.

முதல் மூன்று வாரம் வாசிப்பும் கேள்வியும். அடுத்தது எத்தனை பேர் தேவை என்ற கணக்கு. ஜி பவர் என்ற இலவச மென்பொருள் போதும். இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வில், நடுத்தர விளைவு 0.5 என்று எதிர்பார்த்து, பி மதிப்புக்கு வழக்கமான 0.05 எல்லையும் 80 விழுக்காடு ஆற்றலும் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்தால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128. விளைவு 0.2 அளவுக்குச் சிறியது என்றால் குழுவுக்கு 390க்கும் மேல். ஒரு மாணவரால் திரட்டவே முடியாத எண் அது. இந்தக் கணக்கை முதலில் போட்டால் கேள்வியை மாற்ற நேரம் இருக்கும். 20 பேரிடம் தரவு எடுத்தபின் போட்டால் எதையும் மாற்ற முடியாது.

பிறகு, பங்கேற்பாளர் உரிமையைக் காக்கும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம். அனுமதி வரும் முன் ஒருவரிடமும் தரவு எடுக்கக் கூடாது, நண்பரிடம்கூட. விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே: ஒப்புதல் படிவத்தில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி இல்லாதது, தரவு எங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்லாதது, 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பது. மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ 9 என்ற கேள்வித்தாளை எடுத்தால் அதன் ஒன்பதாம் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. ஒருவர் அதற்கு ஆம் என்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று குழு கேட்கும். பதில் இல்லாவிட்டால் வேறு அளவுகோல் எடுங்கள். பிஎச்க்யூ 9 இலவசம், ஆனால் பெக் மனச்சோர்வு அளவுகோல் போன்றவை காப்புரிமை உள்ளவை, பணம் கட்ட வேண்டும். இணையத்தில் கிடைத்த பிரதியைப் பயன்படுத்தாதீர்கள்.

அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் முறைப் பகுதியை எழுதிவிடுங்கள். விண்ணப்பத்தில் சொன்னதுதான் அதன் சாரம். எந்தப் பகுப்பாய்வு செய்யப்போகிறீர்கள் என்பதையும் தேதியிட்டு எழுதி வழிகாட்டியிடம் தந்துவிடுங்கள். அனுமதி வந்ததும் ஐந்தாறு பேரிடம் முன்னோட்டம் பார்த்து, புரியாத வாக்கியங்களைத் திருத்துங்கள். திருத்தம் பெரியதென்றால் குழுவிடம் மறுபடி தெரிவிக்க வேண்டும். முன்னோட்டத் தரவை முதன்மைத் தரவோடு கலக்காதீர்கள்.

தரவு வந்தபின் நடக்கும் தவறுகளில் அடிக்கடி பார்ப்பது எதிர்மறை வாக்கியங்களைத் திருப்ப மறப்பது. ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வாக்கியங்களில் ஐந்து எதிர்மறையாக எழுதப்பட்டவை. 1 முதல் 4 வரை குறித்திருந்தால், அந்த ஐந்தையும் 5லிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும். 4 என்பது 1 ஆகும், 3 என்பது 2 ஆகும். மறந்தால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடித்துவிடும், தன்மதிப்பு உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் ஏறத்தாழ ஒரே கூட்டுத்தொகை பெறுவார்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா மிகக் குறைவாகவோ எதிர்மறையாகவோ வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் வேறு வேறு பகுப்பாய்வு செய்து எதையாவது பிடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். நன்கு திட்டமிட்ட ஆய்வில் வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதும் முடிவுதான், அதை நேர்மையாக விவாதித்தால் முழு மதிப்பெண் வாங்கலாம். முழு வரைவைக் கடைசித் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு வழிகாட்டியிடம் கொடுங்கள்.

12. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் சரிபார்ப்பு

முடித்த பாடங்களைக் கையேட்டின் விதிகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மொத்த கிரெடிட், மேல்நிலை கிரெடிட், கூடைகள், குறைந்தபட்ச கிரேடு நான்கையும் தனித்தனியே பாருங்கள். பல்கலைக்கழக இணையக் கணக்கில் தானியங்கிச் சரிபார்ப்பு இருந்தாலும், வேறு கல்லூரியிலிருந்து மாற்றிய பாடங்களை அது பொதுக் கிரெடிட்டாக மட்டும் காட்டுவதுண்டு. முதன்மைப் பாடமாக ஏற்க வேண்டும் என்றால் பழைய சிலபஸைக் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எனவே வேறிடத்தில் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக வையுங்கள்.

விதிவிலக்கு எது தந்தாலும், அது வாய்ச்சொல்லாக இல்லாமல் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஆலோசகர் மாறுவார், விதி அப்படியே இருக்கும். பட்டம் பெற விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் இறுதி செமஸ்டரின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதற்கு ஒரு செமஸ்டர் முன்னதாக ஆலோசகரோடு அமர்ந்து முழுக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். குறையும் ஒரு பாடத்தை அப்போது தெரிந்துகொண்டால் சேர்த்துவிடலாம்.